ஐந்து நிமிட மருந்து

என் மனைவி அடிக்கடி சொல்லும் ஒரு கனவு உண்டு. அதில் அவள் ஒரு மரப்பலகை. ஹூக்ளி நதியின் படகுத்துறை ஒன்றில் கிடக்கிறாள். மேலே ஜனங்கள் நடந்து போகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், மழை பெய்கிறது. எல்லாம் காதில் விழுகிறது. பலகைக்குக் கண் திறக்கத் தெரியாது, வாய் கிடையாது, மூச்சும் கிடையாது. ஆனால் எங்கிருந்தோ காற்று வந்து வந்து அவளை உப்பவைத்துவிட்டுப் போகிறது. நதியே தனக்காக மூச்சு விடுவதுபோல இருந்தது என்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில், பித்தப்பைக் கல்லுக்காக அவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்று வந்த கனவு அது. மாடிப்படியில் சந்திக்கும் வங்காளிப் பெண்களிடம் அவர்கள் மொழியிலும், ஊரிலிருந்து போன் செய்கிற உறவினர்களிடம் தமிழிலும் அவள் அதை அழகாகச் சொல்வாள். சொல்லச் சொல்ல நதி அகலமாகிக்கொண்டே போகும். நான் பக்கத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அது கனவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் நடந்தது என்றும் தெரியும். அவளிடமும் அவளுடைய ரத்த உறவுகளிடமும் அதைச் சொல்லவேண்டிய பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. பன்னிரண்டு வருடம் நான் சொல்லவில்லை. அதனால் ஓர் உயிர் போயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். அலிப்பூரில் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை. சிமெண்ட், பெயிண்ட், எண்ணெய் என்று வருகிற மாதிரிகளைச் சோதித்துத் தரம் சொல்வோம். லேபிள் இல்லாத பாட்டிலை அங்கே யாரும் தொடக்கூடாது. உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் கொட்டிவிடவேண்டும். என் வேலைக்காலம் முழுவதும் நான் அந்த விதியை ஒருமுறைகூட மீறியதில்லை.

மனிதர்கள் விஷயத்தில் எனக்கு வேறு விதி. கல்லூரியில் படிக்கும்போதே என் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் என்னைப் போன்ற பலர் செய்த காரியம்தான். எங்களுடையது ஒரு சின்ன வணிகச் சமூகம். பருப்பு, எண்ணெய், ஜவுளி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் உள்ளுக்குள்ளேயே. என் மனைவி என் கூடப்பிறந்த அக்காவின் மகள். பட்டத்தைத் தூக்கிப் போட்டவன் அக்கா மகளைக் கட்டிக்கொண்டான் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் என்று பதில் சொன்னேன். அது பொய்யில்லை. அவள் சின்ன வயதில் கூப்பிட்டதுபோலவே கல்யாணத்துக்குப் பிறகும் என்னை மாமா என்றே கூப்பிட்டாள்.

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. இங்கே எந்த விண்ணப்பத்திலும் பெயரோடு ஒரு 'டைட்டில்' கேட்பார்கள். முகர்ஜி, தாஸ், மண்டல் என்று அதை வைத்தே ஆள் என்ன சாதி என்று கணித்துவிடுவார்கள். எனக்கு டைட்டில் இல்லை. ரேஷன் கார்டிலிருந்து மகளின் பள்ளி விண்ணப்பம்வரை என் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். தபால்காரர் எங்கள் மூவரையுமே அப்பாவின் பெயரால் அழைத்தார். குளிர்காலக் காலையில் மைதானத்துப் பனிக்குள் நடந்தால் நம் கையே நமக்கு மங்கலாகத் தெரியும். நான் யார் என்று யாருக்கும் தெரியாத இந்த ஊரில் அப்படித்தான் மிதந்துகொண்டிருந்தேன். அது ஒரு சுகம்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, நர்சிங் ஹோமில் மயக்க மருந்து டாக்டர் அறைக்கு வந்தார். பருத்த உடம்பு, வழுக்கைத் தலை, கையில் நீர் சொட்டும் குடை. இளம் வயதில் மதராஸில் இரண்டு வருடம் வேலை பார்த்தவராம். நல்ல இட்லி இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று என் மனைவியிடம் விசாரித்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே, 'ஐயா' என்பதை மட்டும் வங்காளத்தில் வைத்து, ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

"மொஷாய், நீங்கள் என்ன கம்யூனிட்டி?"

"மனித கம்யூனிட்டி, டாக்டர்."

அவர் சிரித்தார். "அதில் எனக்கும் ஒரு மெம்பர்ஷிப் வாங்கிக் கொடுங்கள். சும்மா கேட்கவில்லை. மதராஸில் சிலபேரிடம் இதைக் கேட்காமல் ஊசியை எடுக்கமாட்டோம்."

"நாங்கள் அதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாயிற்று."

மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள். டாக்டர் எங்கள் இருவரையும் ஒரு கணம் பார்த்தார். இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டு போனார். குடையிலிருந்து விழுந்த நீர் வாசல்வரை ஒரு கோடாக நீண்டிருந்தது.

"காரணமாத்தான் கேட்டிருப்பாரு. சொல்லிருக்கலாம்ல மாமா?" என்றாள் மனைவி.

"அறுத்துப் பாத்தா வயித்துக்குள்ள சாதி தெரியுமா?"

"அதுக்கில்ல. டாக்டர் கேட்டா சொல்லணும்."

"தூங்கு."

அந்த வயிற்று வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. டிராமில் வீட்டுக்குத் திரும்பும்போது அதை மனதுக்குள் இன்னும் இரண்டு முறை சொல்லிப்பார்த்தேன்.

மறுநாள் காலை ஒரு மணிநேரத்தில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து, சின்ன பாட்டிலில் கற்களைக் காட்டினார். கொத்துக்கடலை அளவில் ஐந்து கல். ஆனால் மனைவியை வெளியே கொண்டுவரவில்லை. இன்னும் அரைமணி போயிற்று. மயக்க மருந்து டாக்டர் பச்சை அங்கியோடு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போது ஜோக் வேண்டாம், மொஷாய். உங்கள் அப்பா என்ன தொழில் செய்தார்? ஊரில் உங்கள் ஆட்கள் யார்?"

சொன்னேன். பல வருடங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லை என் வாயால் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"மனைவி சொந்தமா?"

"அக்கா மகள்."

என் முழங்காலில் ஒருமுறை தட்டிவிட்டு எழுந்தார். "மருந்து இறங்கிவிடும். நேரமாகும். அதுவரை அவருக்காக நாங்கள் மூச்சு விடுகிறோம்."

அந்த நர்சிங் ஹோமில் அதற்கான இயந்திரம் அன்று இல்லை. ஒரு ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் அவளுக்குக் காற்று கொடுத்தார்கள். டாக்டரும் இரண்டு நர்சுகளும் மாறி மாறி, நாலு மணிநேரம். நான் ஜன்னலோரம் நின்றேன். மழையில் சந்து நிறைந்துகொண்டிருந்தது. ஒரு கைரிக்‌ஷா முழங்கால் தண்ணீரில் சத்தமில்லாமல் நகர்ந்து போயிற்று. அதில் உட்கார்ந்திருந்தவர் செருப்பை மடியில் வைத்திருந்தார். ஒரு ஷெனாய் ரிக்கார்டு எங்கோ பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. உலகம் முழுவதும் யாரோ தூக்கத்தில் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தது. கதவுக்கு அப்பால் அந்தப் பை எத்தனை முறை அழுந்தியிருக்கும் என்று எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

பிற்பகலில் அவளுடைய வலது கட்டைவிரல் அசைந்தது.

அன்று மாலை டாக்டர் எனக்கு விளக்கினார். மயக்கம் கொடுத்ததும் தொண்டைக்குள் ஒரு குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்துகிற மருந்து ஒன்று உண்டு. ஐந்தே நிமிடத்தில் அது போய்விடும், அதுதான் அதன் சிறப்பு. போகக் காரணம், நம் ரத்தத்தில் ஓடுகிற ஒரு நொதி. அது மருந்தை வெட்டிப் போட்டுவிடும். அந்த நொதியைச் செய்வது கல்லீரல். எப்படிச் செய்வது என்கிற குறிப்பு நம் மரபணுவில் இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டுமே பழுதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நொதி இல்லை. ஐந்து நிமிட மருந்து அவர்களுக்குள் மணிக்கணக்கில் தங்கிவிடும்.

"அதனால் அவர்களுக்கு ஒரு நோயும் கிடையாது. நன்றாகச் சாப்பிடலாம், பிள்ளை பெறலாம், நூறு வயது இருக்கலாம். இந்த மருந்தை ஒருநாள் சந்திக்கும்வரை அவர்களுக்கே தெரியாது. எந்த ஜனங்களிடமும் இது அபூர்வமாக வரும். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ளும் சின்னச் சமூகங்கள் சிலவற்றில் இரண்டு பழுதும் அடிக்கடி சந்தித்துக்கொள்ளும். உங்களுடையது அதில் ஒன்று. மதராஸில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்."

"நான் நேற்று சொல்லியிருந்தால்?"

"வேறு மருந்து போட்டிருப்பேன். அவ்வளவுதான்."

பிறகு, நான் தலை குனிந்திருப்பதைப் பார்த்து, "நீங்கள் ஜோக் அடித்தது தப்பில்லை. நான் இன்னொரு தரம் கேட்காததுதான் தப்பு" என்றார்.

அவளுடைய ரத்தத்தைச் சோதிக்க வெளியூருக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அந்த நொதி அவளிடம் அறவே இல்லை. தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து, மனைவிக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். மனைவியின் பெற்றோர், உடன்பிறந்தவர், எங்கள் மகள், நான், மற்ற ரத்த உறவுகள், எல்லோரிடமும் ஒரு பிரதி இருக்கவேண்டும் என்றார். கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்றார். மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. தெற்கே ஒரு சின்ன ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தான்.

கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். உறைகளில் விலாசம்கூட எழுதினேன். அன்று மாலைதான் மனைவி, அதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத அந்த நாலு மணிநேரத்தைப் பற்றி என்னிடம் சொன்னாள். நடுவில் டாக்டர் கொஞ்சம் தூக்கம் கொடுத்திருக்கிறார், அதனால் பலகையும் நதியும் வந்திருக்கின்றன. ஆனால் அதற்கு முன்னால் அவள் விழித்துத்தான் இருந்திருக்கிறாள். ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் பூஜைக்குப் புடவை எடுத்ததைப் பற்றிப் பேசியது. மழை தகரத்தில் விழுந்தது. "பயப்படாதீர்கள் பௌதி, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று டாக்டர், அண்ணி முறை வைத்து, அவள் காதருகே வங்காள மொழியில் சொன்னது. எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"செத்தவங்களுக்குக் காது கேக்கும் போலன்னு நெனச்சேன் மாமா. நீங்க ஜன்னல்கிட்ட நிக்கிறீங்கன்னு மட்டும் எப்படியோ தெரிஞ்சுது. கூப்பிடணும். நாக்கு எங்க இருக்குன்னே தெரியல." பிறகு கேட்டாள், "எனக்கு என்னதான் ஆச்சாம்?"

உன்னை அங்கே கிடத்தியது என் ஜோக் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல முடியவில்லை.

"மருந்து கொஞ்சம் கூடிப்போச்சாம்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு கடிதம் வெளியே போக வழியில்லாமல் போயிற்று. அது போனால் நான் சொன்னது பொய்யென்று தெரிந்துவிடும். உறைகளை என் படிப்புச் சான்றிதழ்களுக்குக் கீழே பீரோவில் வைத்தேன். நாளைக்கு, அடுத்த வாரம், தீபாவளிக்குப் பிறகு என்று சொல்லிக்கொண்டேன்.

என் வாக்கியம் மட்டும் ஊர் சுற்றியது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அந்த டாக்டருக்கு 'ஓவர்டோஸ்' என்று பெயர் வந்துவிட்டது. ஆபரேஷன் என்றால், "அந்த ஓவர்டோஸ் ஆளு இல்லாத இடமாப் பாருங்கோ" என்றார்கள். அவருடைய கை நாலு மணிநேரம் பை அழுத்தியதை அறிந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. மனைவியின் தம்பி போனில் என்னைக் கிண்டல் செய்தான்.

"என்ன மாமா, பொண்ணு கேட்டு வந்தப்போ ராணி மாதிரி வச்சுக்குவேன்னீங்க. இப்ப எங்க அக்காவைப் பலகையாக்கிட்டீங்களாமே?"

"உங்க அக்கா நல்லாத்தான் இருக்கா. ரெண்டு தோசை கூடவே சாப்பிடறா."

"அம்மாவுக்குத் தம்பின்னும் மாமா, அக்காவுக்குப் புருஷன்னும் மாமா. உங்களைத் தட்டிக் கேக்க எனக்கு வேற சொந்தமே இல்ல பாத்தீங்களா."

சிரித்தேன். அவனுடைய விலாசம் எழுதிய உறை, போன் இருந்த மேஜையிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் மீன் மார்க்கெட் வாசலில் டாக்டரைப் பார்த்தேன். பையில் இலிஷ் மீன் வால் நீட்டிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பௌதியின் கட்டைவிரல் எப்படி இருக்கிறது?" என்றார். அந்த விரல் அசைந்ததை அவர் மறக்கவில்லை. பிறகு, "கடிதங்கள் அனுப்பினீர்கள் இல்லையா?"

"எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன், டாக்டர்."

"நல்ல காரியம் செய்தீர்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் வாசனை கையில் மாலைவரை இருந்தது.

புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் கழித்து, மனைவியின் தம்பி பைக்கிலிருந்து விழுந்தான். பெரிய அடி இல்லை, தோள்பட்டை மட்டும் நழுவியிருந்தது. அவன் ஊரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், எலும்பை இழுத்துப் பொருத்துவதற்காக ஐந்து நிமிட மயக்கம் கொடுத்தார்கள். தோள் சரியாகப் பொருந்திவிட்டது. மூச்சு திரும்பவில்லை. பெரிய ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் வழியில் போய்விட்டான். இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள்.

ஹவுராவிலிருந்து பிற்பகல் ரயில் பிடித்தோம். சாந்த்ராகாச்சி யார்டில் சிக்னலுக்காக வண்டி வெகுநேரம் நின்றது. பக்கத்துத் தண்டவாளங்களில் சரக்குப் பெட்டிகள் முடிவில்லாமல் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எங்கிருந்து, எங்கே, உள்ளே என்ன என்று சீட்டுச் செருகியிருந்தது. வெயில் மங்கி, தூரத்து ஏரிப் பக்கமிருந்து கொக்குகள் வரிசையாகப் போயின. எங்கள் வண்டி நகர்கிறதா, பக்கத்துப் பெட்டிகள் நகர்கின்றனவா என்று தெரியாத ஒரு மயக்கம். மனைவி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள்.

"எனக்கு ஆன மாதிரியேதான் மாமா அவனுக்கும் ஆயிருக்கும்" என்றாள். "எனக்காவது பையை அழுத்த ஆள் இருந்துச்சு."

என் தோல்பையில் அந்த உறைகள் இருந்தன. கிளம்பும்போது பீரோவைத் திறந்து எடுத்து வந்திருந்தேன். ஊரில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருப்பார்கள், கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீ படிச்சவன். சொல்லுடா தம்பி. அஞ்சு நிமிஷ மயக்கத்துல யாராவது போவாங்களா?"

"விதி அக்கா" என்றேன்.

ஜோசியம் பார்க்காதவன், பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் செய்தவன், அக்காவிடம் விதி என்றேன். உறைகளைத் திருப்பிக் கல்கத்தாவுக்கே கொண்டுவந்தேன். அந்த வீட்டுக் கூடத்தில் அன்று அக்காவின் சொந்தப் பிள்ளைகளைப் போல வளர்ந்த, மனைவியின் பெரியப்பா பிள்ளைகளும் அவர்களுடைய குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் நாளைக்கே அது நடந்திருக்கலாம். தெரிந்துதான் திரும்பினேன். இதற்குமேல் என்னைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

என் மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை பார்த்த வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, நியூ டவுனில் பதினோராவது மாடியில் குடியேறினாள். அப்போது அங்கே கட்டடங்களை விடக் காஷ் என்கிற நாணல் பூக்கள் அதிகம். அக்டோபரில் ஜன்னலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக அலையடிக்கும், மேகத்துக்கு மேல் குடியிருப்பதுபோல இருக்கும். அவள் பிள்ளை உண்டானாள். குழந்தை குறுக்கே இருந்ததால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி விண்ணப்பத்தை மடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது அனஸ்தீஷியால ப்ராப்ளம் வந்திருக்கான்னு கேட்டிருக்கான். மா, அந்தப் பலகைக் கதை. அதை எழுதணுமா?"

"அது மருந்து கூடிப்போனது" என்றாள் மனைவி.

"என்ன மருந்து? எவ்வளவு கூடிச்சு? சும்மா அப்படி எழுத முடியாதும்மா. ஊர்ல மாமாவும் அப்படித்தானே போனாரு." என் பக்கம் திரும்பினாள். "பாபா, உனக்கு ஏதாவது தெரியுமா?"

அவளுடைய மேட்டிட்ட வயிற்றின்மேல் அந்தக் காகிதம் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போய் ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்றேன்.

பஸ்ஸில் போய்வர மூன்று மணிநேரம் ஆயிற்று. மகள் கடிதத்தை முதலில் மௌனமாகப் படித்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்காகத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். நான் ஊடே புகுந்து, அந்த முந்தைய நாள் மாலையை, குடையை, என் பதிலை, எல்லாவற்றையும் சொன்னேன். மீன் மார்க்கெட்டையும் சொன்னேன்.

மனைவி ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"என் தம்பி போனப்போ இது எங்க இருந்துச்சு?"

"ரயில்ல கொண்டுவந்தேன்."

"கொண்டுவந்து?"

"திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள், கடைக்காரர் விலை சொன்னால் ஆட்டுவதுபோல.

மகள்தான் மெதுவாகக் கேட்டாள். "ஜாதி சொல்லக்கூடாதுன்னுதானா பாபா?"

"ஆமா."

"ஸ்கூல்ல டைட்டில் இல்லேன்னு கிண்டல் பண்ணினப்போ, நமக்கு ஜாதியே கிடையாதுன்னு நீ சொன்னதைத்தான் நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன்."

இதில் நான் யோசித்துப் பார்த்த ஒன்று உண்டு. சாதி வேண்டாம் என்றது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் நான் உதறியது பட்டத்தை மட்டும்தான். பல தலைமுறைகள் ஒரே வட்டத்துக்குள் சுற்றிய ரத்தம் எனக்குள் அப்படியே இருந்தது. அதை இன்னொரு சுற்றுச் சுற்றவைத்தவனும் நான்தான். அதன் பெயரை ஒரு டாக்டரிடம் சொல்வதால் யாரும் உயர்ந்துவிடவோ தாழ்ந்துவிடவோ போவதில்லை. பாட்டிலின்மேல் ஒட்டுகிற சீட்டு பாட்டிலை மதிப்பிடுவதில்லை. இதை வேதியியல் படித்தவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மகளுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். அந்த மருந்தின் பக்கமே போகவில்லை. பேத்தி பிறந்தாள். மகளின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். அந்த நீண்ட குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இரண்டு பிரதியிலும், என்று முடிவு வந்தது. ஒன்று அவள் அம்மாவுடையது. இன்னொன்று என்னுடையது. டாக்டரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த அம்மையாரிடம், உங்கள் கணவரைப் பற்றி நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். "உள்ளே வந்து சொல்லுங்கள்" என்று டீ கொடுத்துக் கேட்டார். என் வாக்கியம் போன வீடுகளுக்கெல்லாம் நானும் போனேன். பாதிப்பேர் மாற்றலாகிப் போயிருந்தார்கள். மனைவி என்னை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இப்போது 'ஏங்க' என்கிறாள். மற்றபடி காப்பி, சாப்பாடு, துவைத்த சட்டை எல்லாம் முன்போலத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்குத் திரும்புகிறேன். மனைவி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கைப்பையிலிருந்து நம்பர் எழுதிய சின்ன நோட்டை எடுத்தாள். மகளுடைய போனை வாங்கினாள். மருந்தின் பெயரை மகளிடம் ஐந்தாறு முறை சொல்லிப் பழகிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"நாந்தான். கல்கத்தாவுலேருந்து. பேனா எடுத்துக்க, ஒரு மருந்து பேரு சொல்றேன். சக்சினைல்கோலின். ஆமா, இங்கிலீஷ்தான். உம் பேரன்கிட்ட குடு, அவன் எழுதிப்பான். இல்லடி, சாப்பிடற மருந்தில்ல. மயக்க மருந்து டாக்டர்கிட்ட காட்டணும். நாம என்ன ஆளுங்கன்னு கேட்டா சொல்லணும். கேக்காட்டியும் சொல்லணும்."

மறுபக்கத்தில் யாரோ ஏதோ கேட்டிருக்கவேண்டும்.

"இப்பதான் தெரிஞ்சுது" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். "ஆமா. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது."

ஒன்பது வீடுகள். பன்னிரண்டு வருடம் நான் செய்யாததை அவள் ஒரு மாலைக்குள் செய்துகொண்டிருந்தாள். ஒரு சித்தி பையனின் குழந்தைக்கு அடுத்த மாதம் டான்சில் ஆபரேஷனாம். அவனிடம் மட்டும் மூன்று முறை திரும்பச் சொல்லவைத்தாள். ஜன்னலுக்கு வெளியே காஷ் பூக்கள் முதலில் மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. அவள் குரல் மட்டும் ஒரே சீராக, ஒரு கை எதையோ அழுத்தி விடுவதுபோல, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசி நம்பரை அழுத்தி, மணி அடிப்பதைக் கேட்டதும், போனை என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்க சொல்லுங்க."

மறுமுனையில் என் அக்கா. "யாரு, தம்பியா? என்னடா இந்நேரம். பாப்பா எப்படி இருக்கா? சாப்பிட்டாச்சா?"

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். மருந்தை, எங்கள் ரத்தத்தை, கடிதத்தை. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாயே, அப்போது அந்தக் கடிதம் என் பையில் இருந்தது என்றேன்.

அக்கா "உனக்கு அப்பவே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்க்கா."

போனை அவள் வைத்துவிடவில்லை. மேஜைமேல் கிடத்திவிட்டு எங்கோ போய்விட்டாள் என்று நினைக்கிறேன். அந்த வீட்டின் சத்தங்கள் எனக்குக் கேட்டன. குழாயில் தண்ணீர் வந்து பக்கெட்டில் விழுந்தது. சுவர்க்கடிகாரம். ஒரு நாற்காலி இழுபட்டது. தெருவில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள். என் அக்கா எங்கோ சுவரோரம் நிற்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. கூப்பிட வேண்டும், நாக்கு எழவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை. அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன்.